உழவரிடம் பாடம் படித்த ஆல்பர்ட் ஹோவர்டு

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை பகுதிகளில் இயற்கை விவசாயத்துக்கு மாற நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, யூரியாவை எப்போது நிறுத்தலாம் என்பதைத்தான். அதற்கு முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வயலில் விளைந்த வைக்கோல் எங்கே போகிறது? தொழுவத்தில் இன்று எத்தனை மாடு நிற்கிறது?

இந்தக் கேள்வியை விவசாய அறிவியலின் நடுவே கொண்டுவந்து வைத்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. இன்று உலகம் முழுவதும் இயற்கை விவசாயத்தின் முன்னோடிகளில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறவர். இங்கிலாந்தில் பிறந்தாலும் அவர் தொழில் படித்தது நம் நாட்டு உழவர்களிடம்தான். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், இயற்கை விவசாயம் என்பது மருந்தையும் உரத்தையும் நிறுத்துவது மட்டுமல்ல என்பது உங்களுக்கு விளங்கும்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

ஹோவர்டு 1873 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிஷப்ஸ் கேசில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ரிச்சர்டு ஹோவர்டு ஒரு விவசாயி. லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் இயற்கை அறிவியலும் விவசாயமும் படித்த ஹோவர்டு, 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள பார்படோஸுக்கு வேலைக்குப் போனார். கரும்பைத் தாக்கும் பூஞ்சாண நோய்களை ஆராய்வது அவருடைய பணி.

அங்கே அவருக்கு ஒரு குறை உறுத்தியது. நுண்ணோக்கியில் பூஞ்சாணத்தைப் பார்த்து அதன் பெயரையும் குணத்தையும் சொல்ல முடிந்தது. ஆனால் விவசாயிக்குச் சொல்லும் தீர்வைத் தானே பயிரிட்டுப் பார்க்க அவரிடம் ஒரு துண்டு நிலம்கூட இல்லை. தான் செய்து பார்க்காததை அடுத்தவரைச் செய்யச் சொல்வது எப்படி என்ற எண்ணம் அவரை விடவில்லை. விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு இந்த உறுத்தல் புதியதாக இருக்காது.

1903-இல் இங்கிலாந்து திரும்பி, வை என்ற ஊரில் இருந்த விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப் கொடி அந்தப் பகுதியின் பணப்பயிர். அதன் ஆண் கொடிகளைக் களைந்துவிட்டுப் பெண் கொடிகளை மட்டும் வளர்ப்பது அன்றைய வழக்கம். ஆண் கொடிகளையும் விட்டு வைத்து மகரந்தச் சேர்க்கை நடக்கவிட்டால் காய்ப்பு கூடுவதையும், அசுவினியும் சாம்பல் நோயும் குறைவதையும் ஹோவர்டு வயலில் காட்டினார். பயிரின் இயல்பான வாழ்க்கையைத் தடுத்தால் அது நோயாக வெளிப்படும் என்ற எண்ணம் அவர் மனதில் பதிந்தது இங்கேதான்.

பூசாவில் கிடைத்த 75 ஏக்கர்

1905-இல் இந்திய அரசின் பொருளாதாரத் தாவரவியல் அறிஞராக பிகார் மாநிலம் பூசாவுக்கு வந்தார் ஹோவர்டு. அதே ஆண்டு கேப்ரியேல் மத்தாய் என்பவரை மணந்தார். கேப்ரியேலும் கேம்பிரிட்ஜில் தாவர உடலியல் ஆராய்ந்தவர். பின்னாளில் அதே துறையில் இரண்டாவது தாவரவியல் அறிஞராக அரசுப் பதவியும் பெற்றார். இருவரும் சேர்ந்தே வயலில் இறங்கினார்கள், சேர்ந்தே கட்டுரைகள் எழுதினார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த காலத்தையும் கவனியுங்கள். 1906-இல் நம் திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை அதுதான். நாட்டில் உரத் தொழில் கண் விழித்த அதே வேளையில்தான் ஹோவர்டு தன் பாடத்தைத் தொடங்கினார்.

பூசாவில் அவர் முதலில் கேட்டது நிலம். சிறிது தாமதத்துக்குப் பிறகு சுமார் 75 ஏக்கர் கிடைத்தது. தனக்குத் தோன்றியதைத் தானே பயிரிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது அவர் கண்ணில் பட்டது ஒன்று. ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றியிருந்த கிராமத்து உழவர்கள் எந்தப் பூச்சிமருந்தும் தெளிப்பதில்லை, கடை உரமும் போடுவதில்லை. இருந்தும் அவர்களுடைய பயிர்களில் பூச்சியும் நோயும் மிகக் குறைவாகவே இருந்தன. அதிகாரியாக வந்தவர் அந்த உழவர்களையே ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பயிரைத் தாக்கும் பூச்சியையும் பூஞ்சாணத்தையும்கூட ஆசிரியர்களாகவே கருதினார். பயிருக்குப் பூச்சி வந்தால், ரகம் பொருந்தவில்லையா, மண்ணில் காற்றோட்டம் இல்லையா, தண்ணீர் தேங்குகிறதா, எரு போதவில்லையா என்று தேட வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட முறை.

அவுரிப் பயிரில் வந்த வாடல் இதற்கு ஓர் உதாரணம். நோய்க்கிருமியைத் தேடுவதோடு நில்லாமல், ஹோவர்டு தம்பதியர் செடியைத் தோண்டி வேரைப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் மண் இறுகி வேருக்குக் காற்று கிடைக்காமல் போனதே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். உங்கள் தோட்டத்தில் கத்தரியோ மிளகாயோ வாடினால், மருந்துக் கடைக்குப் போகும் முன் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். நூறு ஆண்டு கழித்தும் பயன்படும் பாடம் இது.

கோதுமையிலும் அவர்கள் சாதித்தார்கள். பூசா 4, பூசா 12 போன்ற ரகங்கள் வட இந்தியாவில் பரவிப் பெயர் பெற்றன. ஆனாலும் ரகத்தை மாற்றுவது மட்டும் போதாது என்ற முடிவுக்கே ஹோவர்டு வந்தார். நல்ல ரகத்தை இளைத்த மண்ணில் விதைத்தால் விளைச்சல் சிறிதுதான் கூடும். மண்ணுக்கு வளம் திரும்பினால் அதே ரகம் பல மடங்கு கொடுக்கும் என்பது அவர் கண்ட அனுபவம்.

அவருடைய உழவு மாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் பண்ணை எருதுகளுக்குத் தன் வயலில் விளைந்த நல்ல தீவனத்தையே கொடுத்து வளர்த்தார். பக்கத்தில் தாழ்வான வேலிக்கு அப்பால் இருந்த மாட்டுக் கொட்டகையில் கோமாரி வந்தது. மாடுகள் வேலிக்கு மேல் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன. இருந்தும் இவருடைய எருதுகளுக்கு நோய் தொற்றவில்லை. நல்ல மண், நல்ல பயிர், நல்ல தீவனம், நலமான மாடு என்ற சங்கிலியை அவர் உறுதியாக நம்ப இந்தக் காட்சியும் ஒரு காரணம்.

இந்தூரில் பிறந்த எருக்குழி

பூசாவில் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக இருந்தது. மண் வேதியியலாளரிடம், பூச்சி பூச்சியியலாளரிடம், நோய் நோயியலாளரிடம். பயிரோ ஒன்றுதான். அதை இப்படிக் கூறு போட்டு ஆராய்வதில் ஹோவர்டுக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றையும் ஒரே பண்ணையில் ஒன்றாகப் பார்க்க இந்தூரில் ஒரு நிறுவனத்தை உருவாக்கி, 1924 முதல் 1931 வரை அதன் இயக்குநராக இருந்தார். இந்தூர் சமஸ்தானம் 300 ஏக்கர் நிலம் கொடுத்தது. மத்திய பருத்திக் குழுவும் மத்திய இந்திய சமஸ்தானங்களும் பண உதவி செய்தன.

இங்கேதான் இந்தூர் முறை என்ற மட்குஎரு தயாரிப்பு உருவானது. இதில் அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். நம் உழவர்களின் குப்பைக்குழி அவர் முன்னால் இருந்தது. சீனா, கொரியா, ஜப்பான் உழவர்கள் நாற்பது நூற்றாண்டாக மண் வளத்தைக் காத்துவந்த விதம் பற்றி அமெரிக்க மண் அறிஞர் கிங் எழுதி 1911-இல் வெளியான நூலும் அவருக்கு வழி காட்டியது. உழவரின் பழக்கத்தை அளந்து, சோதித்து, யாரும் திரும்பச் செய்யக்கூடிய முறையாக ஆக்கியதுதான் ஹோவர்டின் பங்கு. உடன் பணியாற்றிய வேதியியலாளர் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931-இல் அதை நூலாக வெளியிட்டார்.

முறை எளியது. பயிர்க்கழிவு, களை, இலைதழை என்று கிடைப்பதையெல்லாம் கலந்து ஓர் அடுக்கு. அதன்மேல் சாணம். அதன்மேல் மாட்டு மூத்திரம் ஊறிய கொட்டகை மண்ணும் விறகுச் சாம்பலும். தண்ணீர் தெளித்து, மீண்டும் அதே வரிசை. குழி 2 முதல் 3 அடி ஆழம் போதும். ஆழம் கூடினால் காற்று புகாது. மழைக்காலத்தில் குழி வேண்டாம், தரைக்கு மேல் அம்பாரமாகக் குவிக்க வேண்டும். இடையில் இரண்டு மூன்று முறை புரட்டிவிட்டால் ஏறத்தாழ 90 நாளில் எரு தயார்.

இதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, சாணத்தைவிட மூத்திரத்தில்தான் தழைச்சத்து எளிதில் கிடைக்கும் வடிவில் இருக்கிறது. கொட்டகைத் தரையில் மண் பரப்பி, ஊறியதும் அந்த மண்ணை எடுத்துப் பயன்படுத்தியது அதனால்தான். இன்று சிமெண்ட் தரையில் மாடு கட்டி, கழுவித் தெருவில் விடுகிறோமே, அங்கேயே பாதி உரம் போய்விடுகிறது. இரண்டாவது, வைக்கோலில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்க வைக்காமல் வயலில் மடக்கி உடனே நட்டால், நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளிக்கும். மூன்றாவது, காற்றும் ஈரமும் சமமாக இருக்க வேண்டும். கெட்ட வாடை அடித்தால் ஈரம் கூடிவிட்டது, புரட்ட வேண்டும் என்று பொருள்.

1930-இல் கேப்ரியேல் காலமானார். 25 ஆண்டுகள் வயலிலும் எழுத்திலும் உடன் நின்றவரை இழந்த ஹோவர்டு, 1931-இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு கேப்ரியேலின் தங்கை லூயிஸை மணந்தார். 1934-இல் சர் பட்டம் கிடைத்தது. ஓய்வு எடுக்கவில்லை. தேயிலை, காபித் தோட்டங்களில் மட்குஎருவைப் பரப்பினார். 1937-38-இல் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1940-இல் தன் அனுபவம் முழுவதையும் திரட்டி எழுதிய நூலைக் கேப்ரியேலுக்குக் காணிக்கையாக்கினார். அதைப் படித்த அமெரிக்கர் ரோடேல் 1942-இல் இயற்கை விவசாயத்துக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். 1946-இல் இங்கிலாந்தில் மண் சங்கம் உருவானது. இந்தியா விடுதலை பெற்ற இரண்டு மாதங்களில், 1947 அக்டோபர் 20 அன்று ஹோவர்டு மறைந்தார். அவருடைய இந்தியப் பணிகளை 1953-இல் நூலாக்கியவர் லூயிஸ்.

அவர் சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது?

ஹோவர்டு எழுதிய எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எருதுகளுக்குக் கோமாரி வராதது அவர் கண்ணால் கண்ட அனுபவம். முறையான சோதனை அல்ல. அதை நம்பி உங்கள் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடாமல் விட்டுவிடாதீர்கள். நலமான பயிரைப் பூச்சி தொடாது என்பதும் முழு உண்மை இல்லை. நன்றாக வளர்ந்த நெல்லிலும் குருத்துப்பூச்சி வரும். ஆனால் தழைச்சத்து மிகுந்தால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் கூடுகின்றன என்பது பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்த உண்மை. எருவில் தழைச்சத்து மெல்ல மெல்லக் கிடைப்பதால் பயிர் அளவுக்கு மீறிப் பச்சை கட்டுவதில்லை. இந்த அளவில் அவர் சொன்னது சரி.

அவருடைய போதனையின் சாரம், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது. இதைக் கொஞ்சம் கணக்கோடு பாருங்கள். ஒரு ஏக்கர் நெல்லில் ஏறத்தாழ 2 டன் வைக்கோல் கிடைக்கும். நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தங்குவது மணியில் அல்ல, வைக்கோலில். ஒரு ஏக்கர் வைக்கோலைக் கட்டு கட்டி வியாபாரியிடம் கொடுத்தால், ஏறத்தாழ ஒரு மூட்டை பொட்டாஷ் உரமும் சேர்ந்தே லாரியில் ஏறிப் போகிறது. கையில் வரும் பணத்தை எண்ணும்போது இதையும் எண்ண வேண்டும்.

இன்னொரு கணக்கு. நன்கு மட்கிய தொழுஉரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்படும் 5 டன்னில் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ. ஆக, 5 டன் எரு ஒரு மூட்டை யூரியாவுக்குச் சற்று மேல். அதிலும் ஒரு பகுதிதான் முதல் பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பருவங்களுக்கு. அதனால்தான் எரு சேர்க்காமல் யூரியாவை ஒரே நாளில் நிறுத்துகிறவர்களுக்கு முதல் இரண்டு பருவங்களில் விளைச்சல் சரிகிறது, மனமும் தளர்கிறது. ஒரு ஏக்கர் வைக்கோல் மட்டும் 5 டன் எருவாகாது. வரப்புப் புல், களை, புங்கன் இலை, ஆவாரை எல்லாம் சேர வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து 45-ஆம் நாள் வாக்கில் மடக்கி உழ வேண்டும். ஹோவர்டும் இந்தூரில் பருத்திமார் முதல் கரும்புத் தோகை வரை எதையும் விட்டுவைக்கவில்லை.

சிப்காட் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி பகுதியில் இதற்கு எதிராக இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று, ஆள் பற்றாக்குறை. பிள்ளைகள் சிப்காட் ஆலைகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். மாடு பார்க்க, எரு புரட்ட வீட்டில் ஆள் இல்லை. அதனால் மாடு போகிறது. மாடு போனதும் வைக்கோலும் போகிறது. மட்குஎரு கூலி கேட்கும் வேலை என்பதை மறைக்க முடியாது. ஹோவர்டின் பணியில் கேப்ரியேல் எவ்வளவு பங்கு சுமந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். இயற்கை விவசாயம் ஒருவர் தனியாக எடுக்கும் முடிவாக இருந்தால் நிலைக்காது. யார் மாட்டைப் பார்ப்பது, யார் எந்த நாளில் எரு புரட்டுவது என்று குடும்பம் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட பிறகே இறங்குங்கள். எல்லா நிலத்தையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். இரண்டு மாட்டின் எருவால் எவ்வளவு நிலத்துக்கு ஈடுகொடுக்க முடியுமோ, அவ்வளவில் தொடங்குங்கள்.

மற்றொன்று, எரு என்ற பெயரில் எது வயலுக்கு வருகிறது என்பது. நகரக் கழிவும் வயலுக்குத் திரும்ப வேண்டும் என்று ஹோவர்டு விரும்பினார். அவர் காலத்துக் குப்பையில் பேட்டரியும் பெயிண்டும் பிளாஸ்டிக்கும் இன்றுள்ள அளவுக்கு இல்லை. இன்று தரம் பிரிக்காத நகரக் குப்பை எருவிலும், ஆலைக் கழிவுநீர்ச் சேற்றிலும் காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருக்கக்கூடும். இவை மட்காது, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். விலை மலிவு என்பதற்காக ஆய்வு அறிக்கை இல்லாத எதையும் வயலில் கொட்டாதீர்கள். ஹோவர்டு சொன்ன சாம்பல் விறகு எரித்த சாம்பல். உலைகளிலிருந்து வரும் நிலக்கரிச் சாம்பலை எருக்குழியில் சேர்க்க வேண்டாம். ஆலைகளை ஒட்டி நிலம் இருந்தால் கிணற்று நீரையும் மண்ணையும் கன உலோகங்களுக்கும் சேர்த்துச் சோதித்த பிறகே சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்து நிலத்து நீரும் மருந்துத் தெளிப்பும் வராதபடி வரப்பை உயர்த்தி, ஓரத்தில் மரவேலி அமையுங்கள்.

சான்றிதழ் வேண்டுமானால், தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக 2 ஆண்டும், மா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டும் மாறுதல் காலம். தமிழக அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். செலவு குறைந்த வழி வேண்டுவோர், உள்ளூர் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று வழங்கும் பங்கேற்பு உத்தரவாதத் திட்டத்தில் சேரலாம். தொழில்நுட்ப உதவிக்குத் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வரும்வரை விளைபொருளுக்குக் கூடுதல் விலை கிடைக்காது என்பதையும் குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவரை அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டும் இயந்திரம் வயலுக்கு வரும் முன், ஒரு ஏக்கர் வைக்கோலையாவது ஒதுக்கி வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மர நிழலில், தண்ணீர் வசதி உள்ள இடத்தில் குழி போடுங்கள். வெயில் காலம் என்பதால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாள் கழித்து, சம்பா நடவுக்கு முன் எரு கையில் இருக்கும். அந்த ஒரு ஏக்கரில் என்ன போட்டீர்கள், எவ்வளவு செலவானது, என்ன விளைந்தது என்று நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த ஏக்கரை மாற்றலாமா என்பதை உங்கள் நோட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.